கடினமான சீட்டும் கலங்காத ரசிகரும்

இம்மலரைப் புரட்டும் பெரியவர்கள், கோயில் வரலாறும் குருக்களின் பணியும் பக்த சபைகளின் அறிக்கையும் இடம்பெற வேண்டிய ஏட்டில் கால்பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கூடி நிற்கும் நம் இளைஞர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சற்றே காதுகொடுத்துக் கேட்டால், பதில் தானாகக் கிடைத்துவிடும். தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு நேரே பூசைக்கு வந்தவருக்கும், கல்லூரியில் படிக்கும் தம்பிக்கும், ஓய்வு பெற்ற பெரியவருக்கும் பொதுவாக இருக்கும் பேச்சு பந்துதான். ஒரு பங்கின் வரலாறு அதன் மக்களின் வரலாறு என்றால், அவர்கள் மனம் எதில் மகிழ்ந்தது, எதில் வாடியது என்பதும் அதில் ஒரு பகுதியே.

பந்தாட்ட ரசிகர்களிடம் நாம் கண்ட ஒரு விந்தை உண்டு. ஆட்டம் நடக்கும் நாளில் இருக்கும் பரபரப்பைவிட, யாருக்கு யார் எதிரணி என்று சீட்டு எடுக்கும் நாளின் பரபரப்பு சில வேளைகளில் அதிகமாகிவிடுகிறது. பலமான அணி, அதுவும் அவர்களுடைய ஊரிலேயே ஆட்டம் என்று சீட்டு விழுந்துவிட்டால் போதும். "இந்த வருஷம் நம்ம கதை முடிஞ்சுது" என்பார் ஒருவர். "போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க அண்ணே" என்பார் இன்னொருவர். குலுக்கிய கையில்தான் கோளாறு என்று மூன்றாமவர் சாதிப்பார். நான்காமவர் எதுவும் பேசாமல் அந்த ஊருக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். உலகத்தின் எந்த மூலையிலும் இந்த நான்கு பேரும் இருக்கிறார்கள்.

சீட்டு நம் கையில் இல்லை. விழுந்த சீட்டை எடுத்துக்கொண்டு புறப்படுவதா, வீட்டிலேயே இருந்துவிடுவதா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. நம் நாட்டுக் கால்பந்தின் நூறாண்டுக் கதையில் இந்த ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. அதற்கு நம் முன்னோர் தந்த பதில்களை நம் பங்கு மக்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடவோலை முதல் குலுக்கல் பை வரை

சீட்டு எடுத்து முடிவு செய்வது நமக்குப் புதிதன்று. நம் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில், உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலை முறையை விவரிக்கின்றன. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுக்கும் கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக்கூடாது என்பதே அதன் தத்துவம். யூதாசின் இடத்துக்கு மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டதும் சீட்டின் வழியாகவே என்பதைத் திருத்தூதர் பணிகள் நூலில் நாம் படித்திருக்கிறோம்.

கால்பந்தில் இம்முறையை நிலைபெறச் செய்தது இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை. 1871-72ஆம் ஆண்டுப் பருவத்தில் தொடங்கிய இப்போட்டிதான் உலகக் கால்பந்துக் கோப்பைகளில் மூத்தது. பெரிய சங்கம், சிறிய சங்கம் என்ற பேதமின்றி எல்லாப் பெயர்களும் ஒரே பையில் போடப்படும். முதலில் வரும் எண்ணுக்குரிய சங்கத்தின் மைதானத்தில் ஆட்டம். அடுத்து வரும் எண்ணுக்குரியவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போக வேண்டும். 1935ஆம் ஆண்டில் இந்தக் குலுக்கலை பி.பி.சி. வானொலி முதன்முறையாக ஒலிபரப்பியது. அப்போது, எண்கள் உருளும் ஓசை நேயர்களுக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பையைச் சில வினாடிகள் பலமாகக் குலுக்கும்படி வானொலியார் கேட்டுக்கொண்டார்களாம். அந்தக் கடகடவென்ற சத்தத்துக்காகத் தேசமே காது தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எதிரணியின் ஊரில் ஆடுவது ஏன் கடினம்? பயணக் களைப்பு ஒன்று. பழகாத தரை, பழகாத காற்று, பழகாத தண்ணீர் என்பவை வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் தவறினால் கைதட்டும் கூட்டம் சுற்றிலும் இருக்கிறது. அந்தக் கூச்சல் ஆட்டக்காரர் காலில் ஏறுவதோடு நடுவரின் விசிலிலும் சில வேளை ஏறிவிடுகிறது என்பது அனுபவஸ்தர் சொல்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. எஃப்.ஏ. கோப்பையில் நுழைவுச் சீட்டு வருவாயை இரு சங்கங்களும் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஆகவே சிறிய ஊர்ச் சங்கம் ஒன்றுக்குப் பெரிய சங்கத்தின் மைதானத்தில் ஆட்டம் என்று சீட்டு விழுந்தால், ரசிகர் தலையில் கைவைத்துக்கொள்ளும் அதே நேரத்தில் சங்கத்தின் பொருளாளர் மனத்துக்குள் மகிழ்ந்துகொள்வார். அந்த ஒரு நாள் வருவாயில் ஓராண்டுக் கடன் அடைந்த சங்கங்கள் உண்டு.

1972இல் தெற்கு லீக் என்னும் கீழ்நிலைப் போட்டியில் ஆடிவந்த ஹெர்ஃபோர்டு அணிக்கு, முதல் பிரிவைச் சேர்ந்த நியூகாசில் அணியை அவர்கள் ஊரிலேயே சந்திக்கும்படி சீட்டு விழுந்தது. பரிதாபப்படாதவர் இல்லை. ஹெர்ஃபோர்டு அங்கே போய் 2-2 என்று சமன் செய்து, மறு ஆட்டத்தைத் தன் சேற்று மைதானத்துக்குக் கொண்டுவந்து, பிப்ரவரி 5ஆம் நாள் 2-1 என்று வென்றது. 2017இல் ஐந்தாம் நிலை லீகில் இருந்த லிங்கன் சிட்டி, பிரீமியர் லீகில் இருந்த பர்ன்லியின் ஊருக்குப் போய், ஆட்டம் முடியும் தறுவாயில் போட்ட ஒரே கோலில் வென்று கால் இறுதிக்குப் போனது. அங்கே மறுபடியும் கடினமான சீட்டு. ஆர்சனல் அணியின் மைதானத்தில் 0-5 என்ற தோல்வி. ஆனால் அவர்களோடு ஆயிரக்கணக்கில் லண்டனுக்குப் போன ரசிகர்கள் தலைகுனிந்து திரும்பவில்லை. சமன் செய்து மறு ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் பழைய வழியை 2024-25ஆம் பருவம் முதல் அப்போட்டியின் முக்கியச் சுற்றுகளில் நிறுத்திவிட்டார்கள். இனிப் போகிறவர் அங்கேயே வெல்ல வேண்டும்.

பட்டம் சொன்ன செய்தி

நம் நாட்டுக்கு வருவோம். 1911ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி. மோகன் பகான் அணி அந்த ஊர் அணிதான். ஆனால் மைதானம் ஐரோப்பியருடையது, அமைப்பாளர்கள் ஐரோப்பியர், எதிரே நின்ற அணிகளில் பெரும்பாலானவை பட்டாளத்தைச் சேர்ந்தவை. சொந்த ஊரிலேயே வெளியூர்க்காரராக ஆடுவது எப்படி இருக்கும் என்பதை அந்தப் பதினொரு பேர் அறிந்தார்கள். ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேடு, மிடில்செக்ஸ் என்று ஒவ்வொரு தடையாகத் தாண்டி, ஜூலை 29ஆம் நாள் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்றார்கள். தலைவர் சிப்தாஸ் பாதுரி ஒரு கோலும், அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலும் போட்டனர். இந்திய அணி ஒன்று அக்கேடயத்தை வென்றது அதுவே முதல் முறை.

அன்று பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். பூட்ஸ் அணிந்து ஆடியவர் ஒருவரே. அவர் சுதீர் சாட்டர்ஜி, அணியிலிருந்த கிறிஸ்தவர். பிற்காலத்தில் போதகராகத் திருப்பணி செய்தவர். சாதி சமய வேறுபாடு பாராமல் ஓர் அணியாக நின்றார்கள் என்பதற்கு அந்தப் பெயர்ப்பட்டியலே சாட்சி.

நாம் அதிகம் வியப்பது ரசிகர்களைக் கண்டு. சிறப்பு ரயில்களிலும் நீராவிப் படகுகளிலும் வங்காளத்தின் மூலை முடுக்குகளிலிருந்து மக்கள் வந்து குவிந்தார்கள். மைதானத்தில் இடம் கிடைத்தவர் சிலரே. மரக்கிளைகளில் ஏறினார்கள், வீட்டுக் கூரைகளில் நின்றார்கள். ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் தூரத்தில் நின்ற பெருங்கூட்டத்துக்குச் செய்தி சொல்வதற்கு, கோல் கணக்கை எழுதிய பட்டங்களை வானில் பறக்கவிட்டார்கள். ஒவ்வொரு பட்டம் ஏறும்போதும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. கைப்பேசியில் கணத்துக்குக் கணம் கணக்குப் பார்க்கும் இக்காலத்து இளைஞர்கள் அந்தப் பட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

போகாமல் விட்ட பயணம்

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், லண்டன் ஒலிம்பிக்கில் நமக்கு எதிராக விழுந்த சீட்டு பிரான்ஸ். ஜூலை 31ஆம் நாள் இல்ஃபோர்டில் ஆட்டம். நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கினர். பிரான்ஸ் ஒரு கோல் முந்தியபின், பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் 70ஆம் நிமிடத்தில் சமன் செய்தார். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. முடியும் நேரத்தில் பிரான்ஸ் மீண்டும் கோல் போட, 1-2 என்று தோற்றோம். தோற்ற போதிலும் அந்நாட்டு மக்கள் நம்மவரை மெச்சினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து வந்தது வேறு விதமான சோதனை. 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பை பிரேசிலில். தகுதிச் சுற்றில் நம் பிரிவிலிருந்த பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகியவை விலகிக்கொள்ளவே, ஓர் ஆட்டமும் ஆடாமல் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. மே 22ஆம் நாள் ரியோ டி ஜனீரோ நகரில் சீட்டு எடுத்தார்கள். மூன்றாம் பிரிவில் நம்மோடு விழுந்தவை இத்தாலி, ஸ்வீடன், பராகுவே. இத்தாலியோ 1934, 1938 ஆகிய இரு கோப்பைகளையும் தொடர்ந்து வென்ற நாடு. ஸ்வீடனோ 1948 ஒலிம்பிக்கில் தங்கம் பெற்ற நாடு. இதைவிடக் கடினமான சீட்டு எதுவாக இருக்க முடியும்?

நம் அணி போகவில்லை. பயிற்சிக்கு நேரமில்லை, அணித் தேர்வில் இணக்கமில்லை என்ற காரணங்கள் கூறப்பட்டன. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்க பிரேசில் முன்வந்திருந்தது. வெறுங்காலுடன் ஆட அனுமதி மறுக்கப்பட்டதால்தான் போகவில்லை என்ற கதை பின்னர் ஊரெங்கும் பரவியது. ஆனால் அக்காலத்து அணித்தலைவர் சைலேன் மன்னா அது காரணமன்று என்று பிற்காலத்தில் தெளிவாக்கினார். அன்றைய நிர்வாகிகளின் கண்ணுக்கு ஒலிம்பிக்கே பெரிதாகத் தெரிந்தது. உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். ரசிகர்களும் அன்று பெரிதாக முறையிடவில்லை. இழந்தது இன்னதென்று தெரிந்தால்தானே முறையிடுவதற்கு!

அந்தப் பிரிவில் பிறகு நடந்ததை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். 1949 மே 4ஆம் நாள் தூரின் நகருக்கருகில் சூப்பர்கா குன்றில் மோதிய விமான விபத்தில் டொரினோ சங்கத்தின் அணி முழுவதும் மாண்டது. இத்தாலிய தேசிய அணியின் முதுகெலும்பே அவர்கள்தான். அந்தத் துயரத்தின் நினைவால் இத்தாலியர் விமானம் ஏற மனமின்றிக் கப்பலில் பிரேசில் போய்ச் சேர்ந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே ஸ்வீடனிடம் 2-3 என்று தோற்று வெளியேறினார்கள். காகிதத்தில் மலையாகத் தெரிந்தது, நேரில் அடிபட்டு வாடிய அணியாக இருந்தது. நம்மவர் போயிருந்தால் வென்றிருப்பார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. போயிருந்தால் தெரிந்திருக்கும் என்பதே நாம் சொல்வது. அதன்பின் உலகக் கோப்பையின் பிரதான சுற்றில் இந்தியாவின் பெயர் ஒரு முறைகூட ஏறவில்லை.

போய் நின்றவர்கள்

1952இல் ஹெல்சிங்கியில் விழுந்த சீட்டு யூகோஸ்லாவியா. நம்மவருக்குப் பழக்கமில்லாத குளிர். 1-10 என்று பெருந்தோல்வி. அந்த ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா வெள்ளிப் பதக்கம் வரை போனது என்பது ஓர் ஆறுதல். ஆனால் அதைவிடப் பயன் தந்தது அந்தத் தோல்வி தந்த பாடம். பூட்ஸ் அணிந்து ஆடுவது நம் நாட்டில் கட்டாயமானது அதன் பிறகே. வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பாடம் கிடைத்திராது.

நான்கே ஆண்டில் அதன் பலன் தெரிந்தது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் எதிரணியான ஹங்கேரி வராததால் நேரே கால் இறுதி. அங்கே எதிரே நின்றது போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவே. டிசம்பர் 1ஆம் நாள் அவர்கள் நாட்டில், அவர்கள் மக்களின் முன் 4-2 என்று வென்றோம். பம்பாயில் ஆடிவந்த நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல் தடவை. நான்காம் கோல் 'கிட்டு' என்று ரசிகர்கள் செல்லமாக அழைத்த கிருஷ்ணசாமியுடையது. அரை இறுதியில் யூகோஸ்லாவியாவிடமும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடத்தில் நின்றோம். பத்துக் கோல் வாங்கித் திரும்பிய நாடு, நான்கு ஆண்டில் உலகத்தில் நான்காவது!

1960இல் ரோம் ஒலிம்பிக். பிரிவுப் பட்டியல் வந்தபோது ஹங்கேரி, பிரான்ஸ், பெரு என்ற பெயர்களைப் பார்த்த ரசிகர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்று நாம் எளிதில் ஊகிக்கலாம். பி.கே. பானர்ஜி தலைமையில், எஸ்.ஏ. ரஹீம் பயிற்சியில் போன அந்த அணியில் தஞ்சைத் தரணி தந்த சைமன் சுந்தர்ராஜும், ஹைதராபாத்தில் பிறந்து பெயரிலேயே தமிழ் மணந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் இருந்தனர். ஹங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில்தான் தோற்றோம். அந்த ஹங்கேரி வெண்கலம் வென்ற அணி. பிரான்சோடு 1-1 என்று சமன். பெருவிடம் 1-3. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடியது அதுவே கடைசி.

தங்கராஜைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. உயர்ந்த உருவம், நீண்ட கைகள். நீலகிரி வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டெல்லிக்குப் போய் டூரண்ட் கோப்பையை வென்று வந்த காலத்து வீரர் அவர். தெற்கிலிருந்து போன பட்டாளத்து அணி, வடக்கே கோப்பை வாங்கியது அக்காலத்தில் பெரிய செய்தி. 1967இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. 2008இல் மறைந்தார்.

ஒரு லட்சம் பேரின் கூச்சல்

வெளியூர் ஆட்டத்தின் கொடுமையையும் பெருமையையும் ஒருங்கே காட்டியது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இஸ்ரேல், தைவான் நாட்டினரை இந்தோனேசியா அனுமதிக்காததை இந்தியரான ஜி.டி. சோந்தி என்னும் விளையாட்டு நிர்வாகி கண்டித்தார். அதனால் அந்நகர மக்களின் கோபம் முழுவதும் நம் ஆட்டக்காரர் மேல் திரும்பியது. நம் தூதரகத்தின் மேல் கூட்டம் பாய்ந்தது. நம் நாட்டுப் பண் ஒலித்தபோதும் கூச்சலிட்டார்கள்.

அணியின் நிலையும் நன்றாக இல்லை. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பின்காவலர் ஜர்னெயில் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பாமல், ரஹீம் முன்வரிசையில் ஆடவிட்டார். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரணி மீண்டும் தென் கொரியா. சுமார் ஒரு லட்சம் பேர் அமர்ந்த அரங்கம் கொரியாவுக்காக ஆர்ப்பரித்தது. பி.கே. பானர்ஜி ஒரு கோல். கட்டுப்போட்ட தலையோடு ஜர்னெயில் சிங் ஒரு கோல். கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்று திருப்பியது. கோல் கம்பத்தின் கீழே தங்கராஜ் நின்றார். 2-1, தங்கம் நமக்கு. நோயோடு போராடிக்கொண்டே அணியை நடத்திய ரஹீம் அடுத்த ஆண்டே காலமானார். அதன்பின் ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிட்டவில்லை.

வெள்ளமும் வெற்றியும்

பழங்கதை போதும், நம் காலத்தில் நடந்ததைச் சொல்லுங்கள் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நம் ரயில் பாதை போய்ச் சேரும் சென்ட்ரலிலிருந்து நடந்தே போகக்கூடிய பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கம்தான் சென்னையின் எஃப்.சி. அணியின் வீடு. பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து இளைஞர்களுக்கு மின்சார ரயிலில் போய் ஆட்டம் பார்த்துவிட்டுக் கடைசி வண்டியில் திரும்புவது சாத்தியமே.

2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களை நாம் யாரும் மறக்கமாட்டோம். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பெருக்கெடுத்தன. சென்னையும் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களும் வெள்ளத்தில் தவித்தன. சோற்றுக்கும் குடிநீருக்கும் வழி தேடிய அந்த நாள்களில்தான் இந்தியன் சூப்பர் லீகின் அரை இறுதி வந்தது. சென்னையில் நடக்க வேண்டிய ஆட்டத்தை நடத்த வழியின்றிப் புனே நகருக்கு மாற்றினார்கள். சீட்டில் 'சொந்த மைதானம்' என்று இருந்ததுகூடப் பறிபோய், வெளியூர் ஆட்டமாகிவிட்டது. ரசிகர்கள் பலர் வீட்டில் மின்சாரம்கூடச் சீராக இல்லை.

டிசம்பர் 12ஆம் நாள் புனேயில், நடப்புச் சாம்பியனாக இருந்த கொல்கத்தா அணியைச் சென்னை 3-0 என்று வென்றது. கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என்று இறுதிக்குச் சென்றது. இறுதியாட்டம் கோவாவில் என்று முன்னமே முடிவாகியிருந்தது. எதிரணியாக வந்து நின்றதும் கோவாவே! டிசம்பர் 20ஆம் நாள், ஃபடோர்டா அரங்கம் முழுவதும் கோவா ரசிகர்கள். 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. வீட்டில் உட்கார்ந்திருந்த நம்மவர் பலர் எழுந்துபோயிருப்பார்கள். எழாமல் இருந்தவர்கள் பார்த்தார்கள்: 90ஆம் நிமிடத்தில் எதிரணிக் கோல்கீப்பரின் கையாலேயே பந்து உள்ளே போனது, கூடுதல் நேரத்தில் ஸ்டீவன் மெண்டோசா மூன்றாம் கோலைப் போட்டார். 3-2, கோப்பை வெள்ளத்தில் நனைந்த சென்னைக்கு.

2018 மார்ச் 17ஆம் நாள் மறுபடியும் அதே சோதனை. இறுதியாட்டம் பெங்களூரில், பெங்களூரு அணியோடு. ஒன்பதாம் நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டு அவர்களை முந்தச் செய்தார். மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரு கோல்களும் ரஃபேல் அகஸ்டோவின் ஒரு கோலும் சேர்ந்து, மீண்டும் 3-2 என்று சென்னை வென்றது. வியாசர்பாடித் தெருக்களில் பந்து பழகிய தன்பால் கணேஷ் அந்தப் பருவத்துச் சென்னை அணியில் ஒருவர். சென்னையின் இரண்டு கோப்பைகளும் எதிரணியின் ஊரில், எதிரணியின் ரசிகர் முன்னிலையில் வென்றவை என்பதை நினைத்தால், வெளியூர்ச் சீட்டைக் கண்டு நாம் ஏன் இவ்வளவு அஞ்சுகிறோம் என்று தோன்றுகிறது.

எல்லா முறையும் இப்படி நடக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு அணி 2012இல் சந்தோஷ் கோப்பையின் இறுதியாட்டம் வரை கட்டாக் நகருக்குப் போய்ச் சர்வீசஸ் அணியிடம் தோற்றுத் திரும்பியது. போனவர் எல்லாரும் வெல்வதில்லை. வென்றவர் எல்லாரும் போனவர்கள் என்பது மட்டும் உறுதி.

நாமும் ஒரு மைதானமே

இதுவரை போனவர்களின் பக்கம் நின்று பேசினோம். இனி, வந்தவர்களை வரவேற்கும் பக்கமும் நின்று பார்ப்பது நம் கடமை.

நம் ஊரைச் சற்று எண்ணிப் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் பிறந்தது. ஆனால் இந்தக் கரைக்கு வெளியூர்க்காரர் வருவது பழைய கதை. பழவேற்காட்டில் போர்த்துக்கீசியரும், பின்னர் டச்சுக்காரரும் வந்து இறங்கினார்கள். நம் கண்ணெதிரே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வளர்ந்தபோது, தென் மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் குடும்பங்கள் வந்தன. இன்று ஒடிசா, பீகார், வங்காளம், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களின் பிள்ளைகள் உருக்கு ஆலைகளிலும் பிற தொழிற்சாலைகளிலும் நம்மோடு உழைக்கிறார்கள். நம் பூசையில் பின்வரிசையில் நின்று, மொழி புரியாமல், மற்றவர் முழந்தாளிடும்போது தாமும் முழந்தாளிடுகிற முகங்களை நாம் காண்கிறோம். அவர்களுக்கு விழுந்த சீட்டு வெளியூர் ஆட்டம். பழகாத தண்ணீர், பழகாத வெயில், பழகாத மொழி. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: பந்தாட்டத்தில் 90 நிமிடத்தில் ஆட்டம் முடிந்து அணி ஊர் திரும்பிவிடும், இவர்களுடைய ஆட்டம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

இவர்கள் முன்னால் நாம் எந்தக் கூட்டமாக இருக்கப்போகிறோம்? ஜகார்த்தாவில் நம் நாட்டுப் பண்ணின்போது கூச்சலிட்ட கூட்டமாகவா, இல்ஃபோர்டில் தோற்றுப்போன வெறுங்கால் வீரர்களை மெச்சிய கூட்டமாகவா? மாலை நேரத்தில் திடலில் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒடிசாத் தம்பியை, "வாப்பா, ஒரு ஆள் குறையுது" என்று நம் பிள்ளைகள் அழைத்தால், அவனுடைய வெளியூர் ஆட்டம் அந்த நொடியில் பாதி எளிதாகிவிடும். பந்துக்கு மொழி வேண்டாம். வங்காளத்துப் பிள்ளையிடம் 1911ஆம் ஆண்டுப் பட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பாட்டன் வழி வந்த கதை ஒன்று அவனிடம் இருந்தாலும் இருக்கும்.

நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். அடுத்த முறை உங்கள் அணிக்குக் கடினமான சீட்டு விழும்போது குலுக்கிய கையைக் குறை கூறாதீர்கள். அந்தக் கைக்கு உங்கள்மேல் பகையில்லை. எதிரணியின் பெயரைப் பார்த்து மலைக்காதீர்கள். சூப்பர்காவின் துயரத்தோடு கப்பலேறிய இத்தாலியை நினைத்துக்கொள்ளுங்கள். பெருந்தோல்வி வந்தாலும் வரட்டும். ஹெல்சிங்கிக்குப் பிறகு மெல்போர்ன் வந்தது. வேலைத் தேர்விலும், மேற்படிப்பிலும், தொலைதூர மாநிலத்துக்கு மாற்றலாகிப் போவதிலும் இதே சீட்டுத்தான் வேறு பெயரில் விழுகிறது. போகாதவனுக்குத் தோல்வி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவனுடைய பெயர் எந்தப் பட்டத்திலும் ஏறி வானில் பறப்பதில்லை.

ஆகவே, சீட்டு எந்தத் திசையில் விழுந்தாலும், மூட்டையைக் கட்டுங்கள். நம் ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கோ, வாசலைத் திறந்து வையுங்கள்.